ஐந்து முப்பத்தொன்றுக்கு வரும் ஆமென்

ரெத்தினபாயிடம் இதை முதலில் சொன்னது வாழைக்காரர் சுயம்புலிங்கம். போன வியாழக்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு, ரேஷன் கடை வரிசையில், மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழை வருமா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். "யக்கா, நம்ம ஆசீரு தம்பி அந்த மோட்டார் கம்பெனியில இப்ப இல்லியாமே? ரெண்டு மாசம் ஆச்சுங்கான் டீலர் கடைக்காரன். ஆனா எனக்கு முந்தாநாத்துகூட தம்பி பதில் போட்டுச்சு, 'அண்ணாச்சி, மெக்கானிக் நாளைக்கு வருவாரு, நீங்க சாப்பிட்டீங்களா'ன்னு. இதுல யாரு சொல்லுதது நெசம்?" அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, "டீலர் வேற யாரையோ சொல்லியிருப்பான் அண்ணாச்சி. எம்மவன் இன்னைக்குக் காலம்பறகூட எனக்கு ஆமென் போட்டானே" என்றாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இப்போது, செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றும்போது, அவளுக்கு நெஞ்செல்லாம் எரிகிறது. வரிசையில் முன்னால் நின்றவள்கூடத் திரும்பிப் பார்த்தாளே, எவ்வளவு தைரியமாகச் சிரிக்கிறாள் இந்தம்மா என்று.

கொப்பரையில் தண்ணீர் சலசலக்கத் தொடங்கியிருந்தது. துணியை நனைத்துப் பிழிந்து தட்டில் விரித்து மாவை ஊற்றினாள். கை அதுபாட்டுக்கு ஊற்றுகிறது, நாற்பது வருஷத்துக் கை, அதற்கு மனசு தேவையில்லை. மனசு உள்ளறைக் கதவில் கிடக்கிறது. அங்கே ஆசீர் படுத்திருக்கிறான், முப்பத்துநாலு வயசு, சனிக்கிழமை காலை கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து ஒரே ஒரு பையோடு இறங்கியவன். மூத்தவள் பிளஸ்ஸிதான் வியாழக்கிழமை ராத்திரியே மதுரையிலிருந்து விசாரித்து, அவனுடைய சினேகிதனைப் பிடித்து, அவன் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒளிந்திருந்த தம்பியைத் திட்டி அனுப்பிவைத்தாள். வந்த நாளிலிருந்து ஒரு முழு இட்லி உள்ளே போயிருக்காது. "சாப்பிட்டியா ராசா" என்றால் "சாப்பிட்டேம்மா" என்கிறான், தட்டைப் பார்த்தால் ஓரத்தில் எறும்பு. ஆண்டவரே, அவன் வாயில் ஒரு கவளம் போகட்டும், என்னிடம் ஒரு வார்த்தை மெய்யாகப் பேசட்டும், வேறு ஒன்றும் கேட்கவில்லை என்று மூடியைப் போட்டாள். மூடியைப் போடவும் உப்பு ஜாடி பக்கத்தில் போன் வெளிச்சம் போட்டது. ஆசீர். பேரும் படமும். போன கிறிஸ்துமஸுக்கு அவள் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையில் அவன் சிரிக்கிற படம். பெற்ற வயிறு ஒரு நிமிஷம் துள்ளிவிட்டது. பத்து அடி தூரத்தில் பிள்ளை கிடக்கிறான், அவன் போன் தலையணைக்கு அடியில் செத்துக் கிடக்கிறது, இது எந்த ஆசீர் என்று புத்திக்குத் தெரியும், ஆனாலும் துள்ளிவிட்டது. துள்ளின வயிற்றை ஓங்கி ஒரு அடி வைக்கலாம்போல வந்தது. 'அம்மா, இன்னைக்கும் வசனம் வரலியே. இதோட அஞ்சு நாளாச்சு. உடம்புக்கு ஏதும் சரியில்லையா? நான் நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க.' நல்லா இருக்காராம். யார் நல்லா இருக்கிறது? எந்தச் சட்டைக்குள்ளே நல்லா இருக்கிறது? ஐந்து நாளை எண்ணி வைத்திருக்கிறது பார், பிளஸ்ஸி எண்ணவில்லை, சபையில் ஒருத்தி எண்ணவில்லை, அது எண்ணி வைத்திருக்கிறது, அந்த எண்ணிக்கையைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பதினொரு வருஷமாக அவள் அதை விட்டதில்லை. ஆசீர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன மறுநாளிலிருந்து, காலை ஐந்து மணி ஜெபம் முடிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அன்றைக்கான வசனத்தை அடித்து, ஐந்தரைக்கு அனுப்பிவிடுவாள். அவன் ஆமென் என்று போட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அவன் ஆமென் போட்டால் அன்றைக்கு அவனை வண்டி இடிக்காது, காய்ச்சல் வராது என்று இல்லை, ஆனால் அப்படித்தான். ஆரம்பத்தில் பதினோரு மணிக்குப் போடுவான், சில நாள் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவான், சில நாள் அதுவும் இருக்காது, அவள் மத்தியானம்வரை வாசலுக்கும் அடுக்களைக்கும் நடப்பாள். பிறகு ஒருநாள் திருந்திவிட்டான். ஐந்து முப்பது ஆனால் ஐந்து முப்பத்தொன்றுக்குப் பதில் வந்தது. வெறும் ஆமென் இல்லை. 'ஆமென் அம்மா. நல்ல வசனம். முழங்கால் எப்படி இருக்கு? மருந்து போட்டீங்களா? நான் சாப்பிட்டேன்.' நீ, வா, போ என்று பேசின பயல் நீங்க போட ஆரம்பித்ததும் அவளுக்குப் பூரித்துப் போயிற்று. வயசு ஏற மரியாதை வருகிறது என்று நினைத்தாள். அதையாவது தனக்குள் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? போன வருஷம், சபையாரெல்லாம் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில், சாட்சி சொல்கிறவர்கள் எழும்பலாம் என்று போதகர் ஐயர் சொன்னதும், முதல் ஆளாக எழும்பி, மைக்கைப் பிடித்து, "பத்து வருஷம் ஜெபிச்சேன், கர்த்தர் எம்மவன் மனசைத் தொட்டாரு, இப்ப காலையில ஒரு நிமிசம் தவறாம ஆமென் சொல்லுதான்" என்றாள். கண்ணைத் துடைத்தாள். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. பந்தியில் இலைக்கு முன்னால் எத்தனை பேர், "எம்பிள்ளைக்கும் ஜெபிங்கக்கா" என்று கையைப் பிடித்தார்கள். அவளும் சரி என்றாள். அவர்கள் பிள்ளைகளுக்காகவும் முழங்கால் போட்டு ஜெபித்தாள். ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறாள், ஆண்டவரே. நீரும் மேலே இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்? உட்காரும்மா ரெத்தினம் என்று ஒரு வார்த்தை உமக்கு வாயில் வரவில்லையா? மன்னியும். மன்னியும், ஆனால் வரவில்லையா?

ஆவி மூடி இடுக்கில் கசிந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் வேக வேண்டும். தேங்காயைத் துருவ அரிவாள்மணையை எடுத்து உட்கார்ந்தாள், முழங்கால் கடக்கென்றது. இந்த முழங்கால். சித்திரை மாசம் இதைப் பற்றித்தானே எழுதினாள், மூட்டு தேய்ந்துபோய்ச் சத்தம் போடுகிறது ராசா, உட்கார்ந்தால் எழும்ப முடியவில்லை என்று. அன்றைக்கு மத்தியானம் கம்பெனி மெக்கானிக் பையன் ஒருத்தன் கூப்பிட்டு, "அம்மா, தேய்மானம், சத்தம் வருதுன்னு கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு. மோட்டார் எத்தனை வருசம் ஆச்சு?" என்றான். "அறுபத்திரெண்டு" என்றாள் அவள். "எத்தனை?" என்று அவன் இன்னொரு தடவை கேட்டான். அதை ஆசீருக்கு எழுதி, இரண்டு பேரும் சிரித்தார்கள். இல்லை, அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் சிரிப்பு என்று எழுத்தில் வந்தது. அன்றைக்கே கண் திறந்திருக்க வேண்டாமா? தாய்க்கும் மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியாத ஒன்றிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எட்டாம் வகுப்பு படித்தவளுக்குத் தெரியாமல் போகலாம், தாய்க்குமா தெரியாமல் போகும்? அன்றைக்குச் சாயங்காலம் அது எழுதியது, 'உங்களுக்காக ஜெபிக்கிறேன் அம்மா' என்று. ஜெபிக்கிறேன் என்று. தேங்காய்த் துருவல் தரையில் சிதறியது. பொய் சொல்வதற்கும் ஒரு எல்லை வேண்டாமா? மெக்கானிக் வருவான் என்று சொல், லாரி வருகிறது என்று சொல், சாப்பிட்டேன் என்றுகூடச் சொல்லிவிட்டுப் போ. முழங்கால் இல்லாத ஒன்று முழங்காலில் நின்றேன் என்று எப்படிச் சொல்லும்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவள் போகவில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மொதல்ல அந்தக் கம்ப்யூட்டர் புரோகிராம் பதிலை எழுதிக் காட்டும்மா, நான் படிச்சுட்டு அனுப்புவேன். அப்புறம் அதுவே அனுப்பிட்டு எனக்குச் சொல்லும். அப்புறம் சொல்லாமலே செஞ்சுது. கஸ்டமர் வயல்ல மோட்டார் நின்னா அதுவே மெக்கானிக்கைக் கூப்பிடும், பார்ட்ஸ் அனுப்பும், சரியாயிட்டான்னு கேக்கும். ஏஜெண்டுன்னு பேரு." ஏஜெண்டு. அவளுக்குத் தெரிந்த ஏஜெண்டு இன்சூரன்ஸ் பொன்னையாதான், முன்னறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, வீட்டுக்காரர் செத்தபோது ஓடிவந்து கோடித்துணி எடுத்துக்கொடுத்து அழுத மனுஷன். "அதுக்குப் பேசச் சொல்லிக்குடுத்தது நாந்தாம்மா. ஒரு வருசம். பெரியவங்கன்னா மொதல்ல சாப்பிட்டீங்களான்னு கேக்கணும், கோவமா வந்தா எதுத்துப் பேசாம உம் கொட்டணும், அண்ணாச்சி யாரு, ஐயா யாரு, எல்லாம். மத்தவன் பேசினா விவசாயி போனை வச்சிருவான், நான் பேசினா வைக்க மாட்டான். அதனால என்னைப் பாத்துப் படிச்சுக்கச் சொன்னாங்க." அதுக்குத்தான் அந்தக் கேடயம். 'சிறந்த பயிற்சியாளர்' என்று தங்க எழுத்து. ஷோகேஸில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்து, சனிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைக்கிறாளே, சின்னப் பையன்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டினாளே. கேடயம் கொடுத்துக் கைதட்டி, அதிலிருந்து எட்டாம் மாசம் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, நீ இனி வேண்டாம் என்றார்களாம். நாற்பத்திரண்டு பேர் இருந்த மாடியில் இப்போது ஆறு பேர். அந்தப் பேச்சு அவனுக்கு எங்கேயிருந்து வந்தது? கம்பெனி கொடுத்ததா? கோபமாக வருகிறவனிடம் உம் கொட்டவேண்டும் என்று அவன் எங்கே பார்த்தான்? இந்த வீட்டில், அவன் அப்பா எரிந்து விழுகிறபோது அவள் உம் கொட்டினதைப் பார்த்தான். வாசலுக்கு வந்தவனை முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டது அவள். அவள் நாக்கை, அவள் முப்பது வருஷம் கடித்துக் கடித்துப் பழக்கின நாக்கை, பிள்ளை வழியாக உருவிக்கொண்டு போய், மோட்டார் விற்கிறார்கள்.

"அப்ப பேரையாவது எடுக்கச் சொல்லேம்ல" என்றாள். "கேட்டேம்மா. நீ வசனம் அனுப்புத நம்பர் கம்பெனி நம்பராம். ஆசீருங்கிற பேரு விவசாயிகளுக்குப் பழகின பேராம். நல்ல பேரு, இருந்துட்டுப் போகட்டுங்காங்க." நல்ல பேராம். இவர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரியாதா அது நல்ல பேரென்று? பிளஸ்ஸிக்குப் பிறகு இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய், மூன்றாவது தங்கினபோது, ஆசீர்வாதம் என்று வைக்கலாமா ஆசீர் என்று வைக்கலாமா என்று அவரும் அவளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சண்டை போட்டு, ஞானஸ்நானத்தில் தண்ணீர் தெளித்து வைத்த பேர். ஒரு மேனேஜர், முகம் தெரியாத ஒருத்தன், இருந்துட்டுப் போகட்டும் என்கிறான். அவன் நாசமாய், இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, அவனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கும். அவன் நன்றாக இருக்கட்டும். நன்றாக இருந்து, அவன் அம்மாவுக்கு ஒரு நாள் இப்படி ஒரு ஆமென் வரட்டும். இதுவும் சாபம்தான், ஆண்டவரே, தெரிகிறது. கொஞ்சம் இருக்கட்டும், அப்புறம் எடுத்துவிடும்.

முதல் ஈட்டை இறக்கினாள். துணியில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றாகப் பெயர்த்து, ஹாட்பாக்ஸில் போட்டாள். இரண்டாவது ஈட்டுக்கு மாவை ஊற்றினாள். ஒரே ஒரு கேள்விதான் முள் மாதிரி நிற்கிறது, எந்தப் பக்கம் நினைத்தாலும் அதில்தான் வந்து குத்துகிறது. எதுவரைக்கும் அவன்? எந்த ஆமென் கடைசி? வேலையிலிருந்து நிறுத்தின பிறகு வந்ததெல்லாம் அது, சரி. ஆனால் அதற்கு முன்னாலேயே, வேலை நெருக்கடியில், "பதில் வரலைன்னா நீ பயந்துருவேன்னு நாந்தாம்மா அதுகிட்ட உன்னைய ஒப்படைச்சேன், போன வருசம் மார்ச்சோ ஏப்ரலோ" என்றானே, ஒப்படைச்சேன் என்றானே, சாவியை அடுத்த வீட்டில் ஒப்படைப்பது மாதிரி. அப்படியானால் ஆடி மாசம் அவர் நினைவுநாளில் வந்தது? அது ஆமென் இல்லை, நீளமாக வந்தது. 'அப்பா இருந்திருந்தா இன்னைக்கு உங்க கையைப் பிடிச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அப்பா கை சூடா இருக்கும்லாம்மா.' அவர் கை சூடாகத்தான் இருக்கும். அது அவளுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரிந்த சூடு. அதைப் படித்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதாள், நல்ல அழுகை, வருஷக்கணக்காக உள்ளே இருந்தது வெளியே வந்த அழுகை. அதைக் கேட்டேவிட்டாள் ஞாயிற்றுக்கிழமை. "அப்பா கையைப் பத்தி எழுதினது நீதானல?" அவன் மின்விசிறியைப் பார்த்தான். "நானாத்தான் இருக்கும்மா" என்றான். இருக்குமா? இருக்குமாமே! அப்பன் கையைப் பற்றி எழுதினது தானா என்று பெற்ற பிள்ளைக்கே நிச்சயமில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக அவனை ஓங்கி அறையலாமா என்று வந்தது அவளுக்கு, சின்ன வயசில்கூட அடித்ததில்லை. கை எழும்பவும் செய்தது. எழும்பின கையால் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். இவன்மேல் கோபப்படாமல் வேறு யார்மேல் படுவது? பயந்துருவேன்னு என்கிறான். பயந்தால் என்னடா? பயப்படுவதுதானே எனக்கு வேலை? அந்த வேலையையும் பிடுங்கி, என்னை ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறாயே. நீ மொட்டைமாடியில் பச்சைத் தண்ணியைக் குடித்துக்கொண்டு கிடந்த ராத்திரிகளில் உன் அம்மா குறட்டை விட்டுத் தூங்கினாள்.

போன் மறுபடி வெளிச்சம் போட்டு அணைந்தது. அவள் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதுதான் அவமானம். எழுதிவிடலாமா? முழங்கால் வலிக்கிறது, மனசு சரியில்லை, என் பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான், என்ன செய்ய என்று எழுதினால் உடனே பதில் வரும், இதமாக வரும், ஒரு நிமிஷம்கூட ஆகாது. உள்ளே கிடக்கிறவன் மூன்று நாளில் நாற்பது வார்த்தை பேசியிருப்பானா? அதுதான் அவளைத் தின்கிறது. அது நல்ல பிள்ளை. இவனைவிட நல்ல பிள்ளை. இவன் இடத்தில் உட்கார்ந்து, இவன் சட்டையில் சிரித்து, இவன் பேச்சைப் பேசி, இவனைவிட ஒழுங்காக அம்மாவை விசாரிக்கிற பிள்ளை, அதற்குச் சம்பளம்கூட வேண்டாம், சோறுகூட வேண்டாம். சோறு வேண்டாத பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? சட்னிக்குத் தாளித்தாள். கடுகு வெடித்தது. வெடிக்கட்டும்.

கதவு கிரீச்சென்றது. ஆசீர் அடுக்களை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், தாடி வளர்ந்து, கைலி மடிப்புக் கசங்கி, பல் விளக்காத வாயோடு. தாளிப்பு வாசனைக்கு எழும்பியிருக்க வேண்டும், சின்ன வயசிலும் அப்படித்தான். அந்த நேரம் பார்த்து உப்பு ஜாடிப் பக்கம் மூன்றாவது தடவையாக வெளிச்சம் வந்தது, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்தார்கள். நீலச் சட்டைக்காரன் சிரித்தான். 'அம்மா, சாப்பிட்டீங்களா? நான் சாப்பிட்டேன்மா.' கன்னம் ஒட்டிப்போன ஆசீர் அதை இரண்டு தடவை படித்தான், உதடு அசைந்தது. "நான் சொல்லிக்குடுத்ததுதாம்மா" என்றான். "கேக்குததுக்கு முன்னால நாமளே சாப்பிட்டேன்னு சொல்லிட்டா, அவங்களுக்குக் கவலை இருக்காதுன்னு." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை, வயிற்றிலிருந்து ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

ரெத்தினபாய் போனை எடுத்தாள். தூக்கி எறிய வேண்டும் என்று கை சொன்னது. அரிசிப் பானைக்குள் விட்டு மூடியை அழுத்தி மூடினாள். ஹாட்பாக்ஸைத் திறந்து நான்கு இட்லியை ஒரு தட்டில் வைத்து, சட்னியை ஊற்றி, பலகையைக் காலால் தள்ளிப் போட்டாள். கோபம் இன்னும் அப்படியே இருந்தது, சட்னி தரையில் சிந்தியது. அவன் உட்கார்ந்தான். அவள் அவன் எதிரே, முழங்கால் கடக்கென்று சத்தம் போட, தரையில் உட்கார்ந்தாள்.

"வசனம் அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றாள். "நீ மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டு முடிச்சுட்டு, சாப்பிட்டேன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லுல."